நீல வண்டும் அரைஞாண் கயிறும்

பாரிசிலிருந்து வந்த என் நாத்தனார் பெட்டியைத் திறந்தாள். காரைக்காலில் பல வீடுகளில் காணும் காட்சிதானே! சென்ட், சாக்லேட்டுக்கு நடுவே சுண்டுவிரல் நகமளவில் ஒரு நீல வண்டு.

"எகிப்து தாயத்து அண்ணி! குழந்தைக்குக் கட்டுங்க."

"என்னடி இது, சாணி வண்டு மாதிரி இருக்கு?" என்று முகம் சுளித்தார் மாமியார்.

மாமியார் சொன்னது சரியே. அது சாணி உருட்டும் வண்டேதான்! வண்டு உருண்டையை உருட்டிப் போவதைப் பார்த்த எகிப்தியர், வானத்தில் சூரியனையும் ஒரு தெய்வம் இப்படித்தான் உருட்டுகிறது என்று எண்ணினார்கள். உதய சூரியனுக்குக் கெப்ரி என்று பெயரிட்டு, வண்டு உருவம் கொடுத்தார்கள். தாய் வண்டு மண்ணுக்குள் சாண உருண்டையில் முட்டையிடும். பிறகு புது வண்டு வெளியே வரும். அது தானாகவே பிறந்தது என்று நம்பியதால், வண்டு மறுபிறப்பின் சின்னமாயிற்று. இறந்தவர் மார்பில் வைத்த பெரிய வண்டில், 'என் இதயமே, தெய்வங்களின் விசாரணையில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே' என்ற கருத்தில் மந்திரம் எழுதினார்கள். சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் அமென்ஹோதெப் மன்னர், பட்டத்தரசி தீயேயின் பெயரையும் அவளைப் பெற்றவர்களின் பெயரையும் வண்டுகளில் பொறித்து வெளியிட்டார். கல்யாணப் பத்திரிகை மாதிரி!

நம் குழந்தைகளுக்கும் அந்தக் காலத்தில் ஐம்படைத்தாலி உண்டு. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்தும் காவல். பாண்டியன் நெடுஞ்செழியன் தாலியைக்கூடக் களையாத இளம் வயதில் போருக்குப் போனதைப் புறநானூறு சொல்கிறது. இன்று கோயில் கயிறும் நாகூர் தாயத்தும் ஒரே குழந்தையின் உடம்பில் இருப்பதைப் பார்க்கிறோம். தேசம் வேறானாலும் தாய் மனசு ஒன்றுதானே!

நானும் ஆசையாக ஒன்பது மாதப் பெண்ணின் அரைஞாணில் வண்டைக் கட்டினேன். மூன்றாம் நாள் நூல் அறுந்தது. குழந்தை திடீரென்று இருமினாள். வாயில் வண்டு! நல்ல வேளை, இருமலோடு வெளியே வந்து விழுந்தது. அன்றெல்லாம் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

சகோதரிகளே, மூன்று வயது வரை அறுந்து விழக்கூடிய மணி, தாயத்து, ஊக்கு எதுவும் வேண்டாம். கழுத்தில் கயிறு கட்டவே கட்டாதீர்கள். அரைஞாண் இறுக்காமல் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

தொண்டையில் ஏதாவது சிக்கினால், இருமுகிற குழந்தையை இரும விடுங்கள். குரலே எழாமல் திணறினால் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்துங்கள். உதவி வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது.

நீல வண்டு இப்போது கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. "அங்கேயிருந்தே காக்கட்டும்" என்கிறார் மாமியார். காவல் நம் கண்ணில் இருக்கட்டும்; தாயத்து எட்டாத உயரத்தில் இருக்கட்டும்!