‘வாடகை வீடுதானே’ என்பவர்களுக்கு

வெளியூரில் குப்பை கொட்டும் நம் மக்களிடம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. ‘வாடகை வீடுதானே!’

புனே, மும்பை, நொய்டா, ஹைதராபாத், அகமதாபாத், எந்த ஊரில் வேண்டுமானாலும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு சோபா. ஒரு டிவி. ஓனர் அடித்துக் கொடுத்த வெள்ளைச் சுவர். அதில் ஊரிலிருந்து வந்த நகைக்கடைக் காலண்டர். அவ்வளவுதான். ‘என்னங்க, ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கே’ என்று கேட்டால் பதில் ரெடி: ‘வாடகை வீடுதானே சார், இதுக்குப் போய் என்னத்தப் பண்ண?’

எத்தனை வருஷமா இருக்கீங்க? ‘ஒன்பது வருஷம் ஆச்சு.’

11 மாத ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து ஒன்பது வருடம்! குடிவந்தபோது கைக்குழந்தையாக இருந்தவள் இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வீடு இதுதான். அவளிடம் போய் ‘இது நம்ம வீடு இல்லம்மா’ என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாயால் அல்ல, வெறும் சுவரால்.

அப்போ ‘நம்ம வீடு’ எங்கே இருக்கிறது? ஊரில் இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டி, ஃபால்ஸ் சீலிங் போட்டு, மாடுலர் கிச்சன் வைத்து, பூட்டி வைத்திருக்கிறோம். வருடத்தில் பத்து நாள் போய்ப் பெருக்கி, துடைத்து, மறுபடி பூட்டிவிட்டு வருகிறோம். மீதி நாளெல்லாம் அங்கே சிலந்தியும் பல்லியும் வாடகை கொடுக்காமல் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகின்றன. அலங்காரம் சிலந்திக்கு, வெள்ளைச் சுவர் பிள்ளைக்கு. நல்ல நியாயம்!

பிள்ளைகள் வரையும் வீடு

நம் பிள்ளைகளிடம் ‘ஒரு வீடு வரை’ என்று சொல்லிப் பாருங்கள். நாலாவது மாடியில் பிறந்து வளர்ந்த குழந்தைகூட அப்பார்ட்மெண்டை வரையாது. சரிந்த கூரை, நடுவில் கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல், வாசலில் பூச்செடி, பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன். அதாவது ஒரு குடிசை வீடு. இங்கிலீஷ்காரன் ‘காட்டேஜ்’ என்கிறானே, அதேதான். சின்னதாக, கலர் கலராக, ஜன்னலில் ஏதாவது தொங்கிக்கொண்டு, பார்த்தாலே சிரிக்கிற மாதிரி ஒரு வீடு. குழந்தையின் மனசுக்குள் வீடு என்றால் அது.

அந்தப் படத்தை நாம் என்ன செய்கிறோம்? ‘சூப்பர்டா கண்ணா’ என்று சொல்லி, போனில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, காகிதத்தைப் பழைய பேப்பர் கட்டில் செருகிவிடுகிறோம். சுவரில் ஒட்டினால் பெயிண்ட் உரிந்துவிடுமாம். ஓனர் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வாராம்.

யார் ஐயா ஒட்டச் சொன்னது? இந்தக் கோடி ஜன்னல் கம்பிக்கும் அந்தக் கோடி கர்ட்டன் கம்பிக்கும் ஒரு சணல் கயிறு. துணி காயப்போடும் கிளிப் நாலு. படம் தொங்கும். ஆணி வேண்டாம், டிரில் வேண்டாம், ஓனர் அனுமதி வேண்டாம். அடுத்த வாரம் புதுப் படம், பழையது ஃபைலுக்குள். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. ஆக, டெபாசிட் வெறும் சாக்கு. மனசு வரவில்லை என்பதுதான் நிஜம்.

கடையில் விற்கும் ஏழ்மை

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இவர்கள் அலங்காரம் செய்வார்கள், ஆனால் எல்லாவற்றையும் வாங்கித்தான் செய்வார்கள். பெயிண்ட் உரிந்த மாதிரியே தயாரித்த புது மேஜை, கிழிசல் ஒட்டுப்போட்ட மாதிரியே தைத்த புது மெத்தை விரிப்பு, இங்கிலீஷில் ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ என்று எழுதிய பலகை, பிளாஸ்டிக் லாவெண்டர் பூ. கேட்டால் ‘காட்டேஜ் ஸ்டைல்’ என்பார்கள்.

அந்த ஸ்டைல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்து, அமெரிக்கக் கிராமங்களில் காசில்லாத சனங்களிடமிருந்து வந்தது. கிழிந்த துணியைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்துத் தைத்தால் போர்வை. அதிலும் மிஞ்சிய கந்தலைப் பின்னினால் மிதியடி. ஜோடி சேராத நாற்காலிகள், ஏனென்றால் செட்டாக வாங்கக் காசு கிடையாது. பழைய அலமாரிக்குக் கையில் இருந்த பெயிண்டை அடித்தார்கள். இல்லாமையை அழகாக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது. பிற்பாடு 1989-இல் ரேச்சல் ஆஷ்வெல் என்ற அம்மையார் அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில் ‘ஷாபி ஷிக்’ என்று பெயர் வைத்துக் கடை திறந்தார். உரிந்த பெயிண்டுக்குத் தனி மார்க்கெட் வந்தது. இன்று புது மரத்தைத் தேய்த்துப் பழசாக்கி, அதற்குக் கூடுதல் விலை போடுகிறார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே சாமர்த்தியம் நம் வீட்டிலும் இருந்தது. பாட்டி பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை ஊரில் எத்தனை வீட்டில் இருந்தது? மராட்டிக்காரர்கள் அதைக் கோதடி என்கிறார்கள், வங்காளிகள் காந்தா என்கிறார்கள். அவர்கள் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். நாம் ‘பழசு, கந்தல், மானம் போகுது’ என்று பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு, அதே மாதிரி ஒன்றை மாலில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வருகிறோம்.

தோரணக் கதையும் இதேதான். முக்கோணமாக வெட்டிய கலர்த் துண்டுகளைக் கயிற்றில் வரிசையாகக் கோத்தால் ‘பண்டிங்’ என்று சொல்லிப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். அடேய், கோயில் கொடை வந்தால் தெருப் பையன்கள் உட்கார்ந்து மைதா பசை காய்ச்சி, சணல் கயிற்றில் கலர் பேப்பர் ஒட்டுவோமே, அதுதான்டா இது! :-)

மைதா பசையை மறந்துபோனவர்களுக்கு: இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்ன தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கி ஆறவையுங்கள். ஊரில் கரப்பான் அண்டாமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். குழந்தைகள் கை வைக்கும் பசையில் வேண்டவே வேண்டாம். அன்றைக்குக் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டைப் பாருங்கள்

நான் இருக்கும் புனேயில் தீபாவளி என்றால் வீட்டுக்கு வீடு வாசலில் ஆகாஷ் கந்தில் தொங்கும். மூங்கில் குச்சியைச் சீவி, நூலால் கட்டிக் கூடு செய்து, பட்டம் விடும் மெல்லிய காகிதத்தை ஒட்டி, கீழே வால் வாலாகக் காகிதம் விட்டு, உள்ளே விளக்கு வைப்பார்கள். பழைய சால் கட்டடங்களில் அப்பாக்களும் பையன்களும் கூடி உட்கார்ந்து செய்வது வழக்கம். இன்று கடைகளில் பிளாஸ்டிக் கந்தில் குவிந்து கிடந்தாலும், கையால் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? ‘அது அவங்க பழக்கம்’ என்று ஒதுங்கிக்கொண்டு, வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். நம்முடையதையும் செய்வதில்லை, அவர்களுடையதையும் கற்றுக்கொள்வதில்லை. இரண்டும் இல்லாத ஒரு வெற்றுச் சுவருக்குத்தான் நம் பிள்ளைகள் வாரிசு.

எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊரில் காகிதத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. அகமதாபாத் என்றால் உத்தராயணப் பட்டம். மதுராப் பக்கம் என்றால் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி எடுத்துக் கோலமிடும் சாஞ்சி. காஷ்மீரில் காகிதக் கூழில் செய்யும் பெட்டிகள். கேரளாவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். இத்தனை வருடம் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு பட்டம் ஒட்டக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் எப்படி?

மூங்கில் சீவ வராதா? நம்மிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை! ஊரிலிருந்து வந்து பீரோ மேல் அடுக்கிக் கிடப்பதில் கெட்டியான, பெரிய அட்டையாக ஒன்றை எடுங்கள். நீளவாக்கில் மடியுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து விரல் அகல இடைவெளியில் கத்தரித்துக்கொண்டே வாருங்கள். எதிர் ஓரத்தில் இரண்டு விரல் அளவு வெட்டாமல் விட வேண்டும். பிரித்து, உருளையாகச் சுருட்டி ஒட்டி, மேலே ஒரு கைப்பிடி. கந்தில் ரெடி. உள்ளே சின்ன எல்.இ.டி. விளக்கு மட்டும் வையுங்கள். அகல்விளக்கோ பழைய குண்டு பல்போ வைத்தால் காகிதம் பற்றிக்கொள்ளும். சாமி படம் போட்ட பக்கத்தை வெட்ட மனசு வராது, அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

ஸ்கூல் பிராஜெக்ட் என்ற கூத்து

‘எங்க வீட்டுலயும் காகித வேலை நடக்குதே, ஸ்கூல் பிராஜெக்ட்!’ என்பீர்கள். தெரியும். ராத்திரி பத்து மணிக்கு அம்மா உட்கார்ந்து செய்வாள், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அல்லது ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாக வாங்கி, பெயர் மட்டும் எழுதி அனுப்புவோம். ஆறு வயதுக் குழந்தை கத்தரித்தால் கோணலாகத்தான் வரும். அந்தக் கோணலுக்கு மார்க் போடத் தெரியாத பள்ளிக்கூடத்தைக் கேள்வி கேட்காமல், கோணலை மறைக்கப் பணம் செலவு செய்கிறோம். விரலுக்குக் கத்தரிக்கோல் பழகுவதும், ஒட்டியது பிய்ந்துபோனால் அழாமல் மறுபடி ஒட்டுவதும்தான் பாடம். செய்து முடித்த பொருள் அல்ல.

தெர்மாகோல் பிரியர்களுக்கு ஒரு செய்தி. அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கு 1.7.2022 முதல் இந்தியா முழுக்கத் தடை. கொலுவுக்கும் சரி, பிறந்தநாளுக்கும் சரி, காகிதமும் அட்டையுமே போதும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டை அழகு பண்ணுவது ‘லேடீஸ் சமாச்சாரம்’ என்று சோபாவில் சாய்ந்துகொள்ளாதீர்கள். கோயில் தோரணம் ஒட்டியது நாம்தானே? கல்யாணமானதும் கை மறந்துவிட்டதா? ஏற்கெனவே சமையல், துணி, வேலை என்று ஓடும் மனைவியின் தலையில் இதையும் சேர்த்து ஏற்றுவதாக இருந்தால், தயவுசெய்து சுவர் வெறுமையாகவே இருக்கட்டும்.

நமக்கு முன்னால் வந்தவர்

பம்பாய்க்குப் பிழைக்க வந்த ஒரு தஞ்சாவூர்க்காரரைப் பற்றிச் சொல்கிறேன். ஜே.சி. குமரப்பா, 1892-இல் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தியவர். நம்மைப் போன்ற வெளியூர் உத்தியோகஸ்தர்தான். காந்தியிடம் போய்ச் சேர்ந்து, 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். அந்தச் சங்கம் கையில் எடுத்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். மரத்தை வெட்டாமல், தையல் கடையில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளை அரைத்துச் செய்யும் காகிதம் அது. புனேயிலும் 1940-இல் தொடங்கிய கைக்காகித நிலையம் ஒன்று உண்டு. அலங்காரத்துக்குக் காசு செலவழித்தே தீருவேன் என்பவர்கள் பிளாஸ்டிக் லாவெண்டரை விட்டுவிட்டு நாலு தாள் கைக்காகிதம் வாங்குங்கள். ஒரு நெசவுத் துணுக்கும் ஒருவர் கைக்கூலியும் அதில் இருக்கிறது.

‘காகிதம் நிலைக்காதே, நாலு மாசத்தில் நிறம் போய்விடுமே’ என்பார்கள். போகட்டும்! காலையில் போட்ட கோலம் சாயங்காலம் இருக்கிறதா? அதற்காக நம் அம்மாக்கள் போடாமல் விட்டார்களா? வாடகை வீட்டுக்குக் காகிதத்தை விடப் பொருத்தமான பொருள் கிடையாது. காலி பண்ணும்போது பேக்கர்ஸ் மூவர்ஸ்காரனிடம் கொடுக்கத் தேவையில்லை. அவிழ்த்துப் போட்டுவிட்டு, போகிற வீட்டில் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

சொந்த வீடு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது முடிந்து நீங்கள் குடிபோகும்போது பிள்ளைக்கு இருபது வயது ஆகியிருக்கும். ஹாஸ்டலில் இருக்கும். கலர் பேப்பர் வெட்டலாம் வா என்று கூப்பிட்டால் வராது. வெட்டுகிற வயது இப்போதுதான். அதுவும் இந்த வாடகை வீட்டில்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கயிறு கட்டுங்கள். மைதா இருக்கிறதா பாருங்கள்.