பிறந்த வீட்டிலல்ல, பிறந்த நாளிலேயே செவிச்சோதனை

பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால், 'இவன் அப்பாவும் மெதுவாகத்தான் பேசினார்' என்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. அதில் கழிவது மொழி பதியும் முதல் மூன்று ஆண்டுகள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. காது கேளாமையைக் கண்டறியத் தாமதமானால் அச்செலவின் பலன் சுருங்கும். சிசுவின் உட்செவி எதிரொலியைப் பதியும் ஓஏஇ சோதனைக்கோ சில நிமிடங்கள் போதும். ஐயம் எழுந்தால் பெரா சோதனை உறுதிசெய்யும்.

செவிநலத்தில் இடும் ஒரு டாலர் ஏறத்தாழ 16 டாலராகத் திரும்பும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இதைச் சலுகையாகவன்றி முதலீடாகவே காண்கிறேன்.

குமரி மாவட்டத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி முதல் தனியார் மருத்துவமனைகள் வரை, தடுப்பூசி அட்டையில் செவிச்சோதனை முடிவும் பதிவான பிறகே குழந்தை வீடு திரும்ப வேண்டும்.