விசில் இங்கே, டீம் எங்கே?

2023 மே 28-ஆம் தேதி நடக்க வேண்டிய ஐ.பி.எல். ஃபைனல், மழையால் 29-க்குத் தள்ளிப்போய், அன்றைக்கும் மழை வந்து, கடைசியில் 30-ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணி வாக்கில்தான் முடிந்தது. கடைசி இரண்டு பந்து, பத்து ரன். மோகித் சர்மா வீசுகிறார். ஜடேஜா ஒரு சிக்ஸர், அடுத்து ஒரு பவுண்டரி. முடிந்தது கதை! ஐந்தாவது கோப்பை. தோனி ஜடேஜாவைத் தூக்கிக்கொள்கிறார். அகமதாபாத் மைதானமே மஞ்சளாகக் கிடக்கிறது.

சேப்பாக்கத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கோரையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது முத்துப்பேட்டை. அங்கேயும் அந்த ராத்திரி கண் விழித்துக் கிடந்த ரசிகன் உண்டு. விசில் அடித்தான், ஸ்டேட்டஸ் போட்டான், "நம்ம டீம்டா!" என்றான். காலையில் டீக்கடையில் மறுபடி அதையே சொன்னான்.

ஒரே ஒரு விஷயம் அவன் கண்ணில் படவில்லை. அந்த ஃபைனலில் சென்னையின் பந்துவீச்சை வெளுத்து வாங்கி, 47 பந்தில் 96 ரன் அடித்த பையன் சாய் சுதர்சன். சென்னைக்காரர். ஆனால் குஜராத் சட்டையில் ஆடினார். சென்னை சட்டையில் ஆடியவர்களில் ஒரு தமிழ்நாட்டு வீரர்கூட இல்லை.

ஆக, "நம்ம பையன்" அடித்த ஒவ்வொரு அடிக்கும் "நம்ம டீம்" ரசிகன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதைவிடப் பெரிய காமெடி உண்டா?

ரசிகர்கள் பொங்கி எழுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முத்துப்பேட்டைக்காரன் சூப்பர் கிங்ஸைக் கொண்டாடுவதில் எந்தத் தப்பும் இல்லை. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து தடவை கோப்பை ஜெயித்த டீம் அது. கொண்டாடத் தகுதியான ஆட்டம்தான். 2021 ஃபைனல் துபாயில் நடந்தபோது, அங்கே வேலை பார்க்கும் சபுராளிகளுக்கு அது பக்கத்துத் தெருவில் நடக்கிற மேட்ச் மாதிரி. ஊரில் அண்ணனும் தம்பியும் டி.வி. முன்னால், துபாயில் மச்சான் செல்போனில். ஒரு குடும்பத்தை ஒரே நேரத்தில் கத்த வைக்கிற சந்தோஷம் சாதாரணமானது இல்லை. அதைக் கேவலமாகப் பேசுகிற அறிவுஜீவிகள் வேறு வேலை பார்க்கலாம்.

சிக்கல் விசிலில் இல்லை. "நம்ம" என்கிற வார்த்தையில் இருக்கிறது. அந்த வார்த்தையை ரசிகன் இலவசமாகக் கொடுக்கிறான். வாங்கிக்கொண்டவர்கள் அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள். திரும்பி அவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று இதுவரை அவன் கேட்டதே இல்லை.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். 2008 ஜனவரியில் ஐ.பி.எல். அணிகளை ஏலம் விட்டார்கள். சென்னை என்ற பெயரை இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. அன்றைக்கு சென்னைக்காரர்கள் யாரையும் கேட்டு அந்தப் பெயரை விற்கவில்லை. முத்துப்பேட்டைக்காரனைக் கேட்கிற பேச்சே இல்லை. ஊர்ப் பெயர் ஒரு சரக்கு, விலை போனது, அவ்வளவுதான்.

ஆனாலும் ஆரம்ப வருஷங்களில் "நம்ம" என்று சொல்ல ஒரு நியாயம் இருந்தது. 2011 ஃபைனலை நினைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் நடந்தது. முரளி விஜய் 52 பந்தில் 95. அஸ்வின் முதல் ஓவரிலேயே கெயிலை டக் அவுட் ஆக்கினார். பத்ரிநாத் டீமில் இருந்தார். தெருவில் கிரிக்கெட் ஆடுகிற ஒரு பையன் அந்த டீமைப் பார்த்து "நாளைக்கு நானும்" என்று நினைக்க இடம் இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து 2023-இல் அந்த இடம் எங்கே போனது?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனை 2017-இல் பஞ்சாப் மூன்று கோடிக்கு எடுத்தது. அப்புறம் ஐதராபாத்தில்தான் அவர் பெயர் வாங்கினார். யார்க்கருக்காக நாடே கொண்டாடிய தமிழன் மஞ்சள் சட்டை போட்டு ஆடியதில்லை. அதே நடராஜன் தன் கிராமத்தில் சொந்த முயற்சியில் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார், 2023 ஜூனில் திறந்தார்கள். கிராமத்துப் பையனுக்கு மைதானம் கொடுத்தது இன்னொரு கிராமத்துப் பையன். கோடிகளில் புரளும் டீம் இல்லை.

இன்னொரு பக்கம், அதே 2023-இல் தென்னாப்பிரிக்காவில் ஜோபர்க் சூப்பர் கிங்ஸ் வந்தது, அமெரிக்காவில் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் வந்தது. அதே மஞ்சள், அதே சிங்கம். ஜோகன்னஸ்பர்க்குக்கும் டெக்சாஸுக்கும் பொருந்துகிற ஒரு சட்டையை "எங்க மண்ணோட அடையாளம்" என்று சொல்வது ஓவர் பில்டப் இல்லாமல் வேறென்ன?

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் 2018.

அந்த வருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. தண்ணீரைப் பங்கிட ஆறு வாரத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார்கள், கெடு முடிந்தும் மத்திய அரசு செய்யவில்லை. டெல்டாவே கொதித்தது. அந்த நேரம் பார்த்துத்தான், சூதாட்ட விவகாரத்தால் 2016, 2017 இரண்டு வருஷம் தடையில் இருந்த சூப்பர் கிங்ஸ் திரும்பி வந்தது. ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு மேட்ச். வெளியே மறியல், உள்ளே மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. போலீஸ் பாதுகாப்பில் மேட்ச் முடிந்தது. மறுநாளே முடிவு வந்தது: மிச்சமிருக்கிற ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்கு மாற்றம்.

ஆட்டக்காரர் மீது செருப்பு வீசியது அசிங்கம். மேட்ச் பார்க்கப் போனவனை "துரோகி" என்று அடித்தது அதைவிட அசிங்கம். ஒரு டி-20 மேட்ச் நின்றால் கர்நாடகா மதகைத் திறந்துவிடுமா என்ன? அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் முத்துப்பேட்டை ரசிகன் அன்றைக்கு நின்ற இடத்தை யாராவது யோசித்தார்களா? அவன் ஊர் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டி, எல்லா மடையையும் தாண்டி, மிச்சம் இருந்தால் கடைசியாக வருகிற இடம். அப்பாவின் வயல் ஒரு பக்கம், மஞ்சள் சட்டை ஒரு பக்கம். இரண்டு பக்கமும் அவனைத் திட்டினார்கள். போராட்டக்காரர்களுக்கு அவன் சோற்றுக்கு நன்றி இல்லாதவன். ரசிகர் கூட்டத்துக்கு அவன் ஊர்க்காரர்கள் "விளையாட்டில் அரசியல் கலக்கிறவர்கள்".

டீம் என்ன செய்தது? ஒரே வாரத்தில் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பியது. கம்பெனி என்று பார்த்தால் சரியான முடிவுதான், பாதுகாப்பு இல்லாத இடத்தில் ஆட முடியாது. ஏப்ரல் 20 மேட்சுக்கு சென்னையிலிருந்து புனேவுக்கு ரசிகர்களுக்கென்றே தனி ரயில் விட்டார்கள். வாட்சன் சதம் அடித்தார். மே மாதம் கோப்பையும் வந்தது.

அந்தத் தனி ரயில் புறப்பட்டபோது முத்துப்பேட்டை ஸ்டேஷனுக்கு ரயிலே கிடையாது. அகலப்பாதை வேலைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. 2019-இல்தான் மறுபடி ரயில் ஓடியது. அந்த 2018-இல் மேட்டூர் வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை 19-இல்தான் திறந்தது. நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்து, அலையாத்திக் காட்டையும் பிய்த்துப் போட்டது.

இங்கேதான் வித்தியாசம். மண் சரியில்லை என்றால் டீம் புனேவுக்குப் போய்விடும். தில்லைவிளாகத்துக்காரனும் ஜாம்புவானோடைக்காரனும் வயலையும் தோப்பையும் தூக்கிக்கொண்டு புனேவுக்குப் போக முடியுமா? போக முடியாததற்குப் பெயர்தான் மண். போய்விட முடிகிறதற்குப் பெயர் வியாபாரம். வியாபாரம் கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் அதை மண் என்று கூப்பிடுவது பொய்.

இதற்கு வருகிற சப்பைக்கட்டுகளையும் பார்த்துவிடலாம்.

"இது புரொஃபஷனல் கேம் மாப்ள, திறமைக்குத்தான் இடம், ஊரெல்லாம் பார்க்க முடியாது." நல்ல வாதம். அப்படியானால் ஊர்ப் பெயர் எதற்கு? தமிழில் பாட்டு எதற்கு? விளம்பரத்தில் வேட்டி எதற்கு? விற்கும்போது ஊர் வேண்டும், ஆள் எடுக்கும்போது ஊர் வேண்டாமா?

"அப்படியானால் தமிழன் இல்லாத டீமைத் தடை செய்ய வேண்டுமா?" 2023 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே பா.ம.க. உறுப்பினர் ஒருவர் அப்படிக் கேட்டார். அது வேண்டாத வேலை. தடை போட்டால் போவது ரசிகனின் சந்தோஷம்தான். பதிரனாவும் தீக்ஷணாவும் சேப்பாக்கத்தில் வாங்கின கைதட்டல் நல்ல விஷயம், அதை யாரும் பிடுங்க வேண்டாம். வெளியூர்க்காரனை வெளியேற்று என்பது கோரிக்கை இல்லை. உள்ளூர்க்காரனுக்கு வழி எங்கே என்பதுதான் கேள்வி.

"உலகம் முழுக்க இப்படித்தான்." இல்லை. ஸ்பெயினில் அத்லெட்டிக் பில்பாவ் கிளப் பாஸ்க் பகுதியில் பிறந்த அல்லது அங்கே பயிற்சி பெற்று வளர்ந்த வீரர்களை மட்டும் வைத்து ஆடுகிறது. முதல் டிவிஷனிலிருந்து ஒரு தடவைகூட இறங்கியதில்லை, 2024-இல் கோப்பா டெல் ரே கோப்பையும் ஜெயித்தது. ஜெர்மனியில் பெரும்பாலான கால்பந்து கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அங்கே ரசிகன் "நம்ம டீம்" என்றால் அதற்குக் காகிதத்தில் அர்த்தம் உண்டு.

இங்கே ரசிகனிடம் காகிதம் கிடையாது, விசில் மட்டும்தான். சரி, அந்த விசிலை வைத்தாவது ஏதாவது கேட்கலாமே? டி.என்.பி.எல். 2016-இல் தொடங்கியது. சென்னை, திண்டுக்கல் நத்தம், திருநெல்வேலி, கோவை, சேலம் என்று ஆட்டங்கள் நடந்தன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் அந்த வரிசையில் வரவே இல்லை. டி.என்.பி.எல்-ஐ நடத்துவது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம், சூப்பர் கிங்ஸ் இல்லை என்பார்கள். ஆனால் இந்தியா சிமெண்ட்ஸை நடத்திய என். சீனிவாசன்தான் பல வருஷம் அந்தச் சங்கத்துக்கும் தலைவர். டெல்டாவில் ஒரு நல்ல மைதானம், ஒரு புல்தரை பிட்ச், வருஷத்துக்கு ஒரு முறை ஆள் தேடி வருகிற ஒரு பயிற்சியாளர். கோப்பை ஐந்து வாங்கிய டீமின் ரசிகன் இதைக் கேட்டால் குறைந்தா போய்விடுவான்?

அப்புறம் ஒன்று. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் கால்பந்து ஊறின ஊர்கள். செம்மண் புழுதியில் எழுவர் போட்டி நடத்த உள்ளூர்ப் பையன்கள் கடை கடையாக ஏறி வசூல் செய்கிறார்கள். அங்கே கோல் அடிக்கிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். "நம்ம டீம்" என்ற வார்த்தைக்கு ஊரில் ஒரு நிஜமான சொந்தக்காரன் இருக்கிறான். ஒரிஜினல் ஜெர்சிக்குச் செலவு செய்கிறவன், அந்தப் பையன்கள் ஒரு பந்து வாங்க வசூலுக்கு வந்தால் "அப்புறம் வாங்கடா" என்கிறான்.

2025-இல் சூப்பர் கிங்ஸ் பத்தாவது இடம், அதாவது கடைசி இடம். வரலாற்றில் முதல் தடவை. முத்துப்பேட்டை ரசிகன் சட்டையைக் கழற்றவில்லை. அந்த வருஷம் நவம்பரில், 2023 ஃபைனலில் பத்து ரன் அடித்துக் கொடுத்த அதே ஜடேஜாவை டீம் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது. அப்போதும் ரசிகன் கழற்றவில்லை. வீரர் மாறினார், மைதானம் மாறியது, கம்பெனியின் பெயர்கூட மாறியது. மாறாமல் இருந்தது அவன் ஒருவன்தான். இவ்வளவு விசுவாசத்தை வைத்துக்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருப்பதுதான் அவன் செய்கிற ஒரே தப்பு.

விசில் அடிக்கட்டும். அடித்து முடித்ததும், டெல்டாவுக்கு ஒரு மைதானம் எப்போது என்று அதே சத்தத்தில் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புழுதி கிளம்புகிற அந்த உள்ளூர் மைதானத்துக்கும் ஒரு தடவை போய் நிற்கட்டும். அங்கேயும் விசில் அடிக்க ஆள் வேண்டியிருக்கிறது.

டிஸ்கி: தோனி ரசிகர்கள் கோபப்பட வேண்டாம். தல மேல் இங்கே யாருக்கும் வருத்தம் இல்லை :-)