எல்.இ.டி.க்கு ஒரு மதகு

மோகனூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ஏழாவது படிக்கும் மகனுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கிக் கொடுத்தோம். 9 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி.யை மாட்டினான். பளிச்சென்று எரிந்து உடனே செத்துவிட்டது. இப்படியே மூன்று போச்சு. மட்டமான சரக்கா?”

அசலதீபேஸ்வரர் இருக்கும் ஊரில் விளக்கு இப்படி அணைந்தால் மனசு கேட்குமா! ஆனால் சரக்கின் மேல் பழி வேண்டாம் அம்மா. கிட்டுக்குள் வண்ண வளையம் போட்ட குட்டிக் குட்டிப் பொருள்கள் கிடக்குமே, ரெசிஸ்டர், அதை விட்டுவிட்டுத் தம்பி நேராக மாட்டியிருக்கிறார்.

பழைய குண்டு பல்பு சூடானதும் தன் தடையைத் தானே கூட்டிக்கொள்ளும். எல்.இ.டி.க்கு அந்தக் குணம் கிடையாது. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டில் எரியும். அதற்குமேல் கொஞ்சம் கூடினாலும் மின்னோட்டம் மடமடவென்று எகிறும். சூடேறச் சூடேற இன்னும் அதிகமாக இழுக்கும். சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி. தொடர்ந்து தாங்குவது சுமார் 20 மில்லி ஆம்பியர்தான். காவிரியிலிருந்து வாய்க்காலுக்கு மதகு இல்லாமல் தண்ணீர் விட்டால் கரை என்ன ஆகும்? அதே கதை.

கணக்கு எளிது. பேட்டரி 9, எல்.இ.டி.க்கு 2 போக மீதி 7 வோல்ட். 15 மில்லி ஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர் போதும் என்று வைத்து 7-ஐ அதனால் வகுத்தால் 467. கடையில் கிடைப்பது 470 ஓம்; மஞ்சள், ஊதா, பழுப்பு வளையம். கால் வாட் ரகமே போதும். யு.எஸ்.பி. 5 வோல்ட் என்றால் 220 ஓம்: சிவப்பு, சிவப்பு, பழுப்பு. எல்.இ.டி.க்கு முன்னால் மாட்டினாலும் பின்னால் மாட்டினாலும் ஒன்றுதான். எல்.இ.டி.யின் நீளக் கால் மட்டும் பிளஸ் பக்கம் இருக்கட்டும்.

ரெசிஸ்டர் போட்டும் எல்.இ.டி. போனால் பிரெட்போர்டைப் பாருங்கள். நடுப்பள்ளத்தின் இரு பக்கமும் ஐந்தைந்து துளைகள் உள்ளே ஒரே தகடால் இணைந்திருக்கும். ரெசிஸ்டரின் இரண்டு காலையும் அந்த ஒரே ஐந்துக்குள் சொருகினால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

“பட்டன் செல்லில் ரெசிஸ்டர் இல்லாமலே எரிகிறதே?” என்று தம்பி மடக்கலாம். சி.ஆர்.2032 மாதிரி செல்லுக்குள்ளேயே கொஞ்சம் தடை உண்டு. அது அதிக மின்னோட்டம் தராது. 9 வோல்ட் பேட்டரிக்கு அந்த நல்ல குணமெல்லாம் இல்லை. வீட்டு பிளக் பாயின்ட் பக்கம் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். அது 230 வோல்ட், உயிர் விஷயம்.

தம்பிக்கு ஒரு வேலை: 9 வோல்ட் பேட்டரி, ஒரே ஒரு 470 ஓம் ரெசிஸ்டர். அதற்கு அடுத்து சிவப்பு எல்.இ.டி.யையும் வெள்ளை எல்.இ.டி.யையும் பக்கம் பக்கமாக, பேரலலில் மாட்டட்டும். சிவப்பு எரியும், வெள்ளை எரியாது. வெள்ளைக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும் என்பது மட்டும் துப்பு. காரணத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த வாரம் பார்ப்போம்.