பழைய மகிழுந்துக்குப் புதிய நிறமா?

தெப்ராவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்த தாத்தா, 1962இல் ஒரு மோரிஸ் மைனர் மகிழுந்தை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் எழுந்துவிட்டன. தாத்தாவும் இல்லை. மகிழுந்து மட்டும் வீட்டின் பின்புறம் கித்தான் போர்வைக்குள் கிடக்கிறது. சாம்பல் நிறச் சாயம் உரிந்துவிட்டது. கதவின் அடிப்பகுதியைத் துரு அரித்திருக்கிறது. பேரன் அதைச் சீரமைக்கப் பட்டறைக்குக் கொண்டு செல்கிறான். "தம்பி, என்ன கலர் அடிக்கணும்?" என்று கேட்கிறார் பட்டறைக்காரர். பேரனுக்குப் பளிச்சென்ற சிவப்பு வேண்டும். அத்தையோ, "அப்பா வண்டி சாம்பல் நிறம். சிவப்பு அடிச்சா வேற யாரோட வண்டியோ மாதிரி இருக்கும்" என்கிறார்.

இருவரில் யார் பக்கம் நிற்பது?

சட்டம் பேரனைத் தடுக்கவில்லை. நம் நாட்டில் வாகனத்தின் நிறம் அதன் பதிவு விவரங்களுள் ஒன்று. நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதைச் செய்துவிட்டால் வண்டி சிவப்பாக ஓடுவதில் தவறில்லை. ஆனால், சட்டம் அனுமதிக்கிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் 'புதுப்பித்தல்' என்றொரு சொல் இருக்கிறது. 'மீட்டெடுத்தல்' என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பொருளில் வழங்குவதால்தான் இந்தக் குழப்பம். புதுப்பிப்பவர் தமக்குப் பிடித்ததைச் செய்யலாம். மீட்டெடுப்பவரோ, இழந்த ஒன்றைத் திரும்பக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கில் இயந்திரமும் இருக்கையும் அடங்கும் என்றால் நிறமும் அடங்கும். இயந்திரத்தைத் தேடித் தேடிப் பழைய உதிரிப்பாகங்களால் சரிசெய்துவிட்டு, நிறத்தை மட்டும் விருப்பம்போல் மாற்றிவிட்டு, "தாத்தாவின் வண்டியை மீட்டெடுத்தேன்" என்று சொல்வது முழு உண்மையாகாது.

நிறம் வெறும் அழகுக்காக இருப்பது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால், அது ஒரு காலத்தின் சான்று. ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' மகிழுந்து எல்லாமே கறுப்பு என்று பலர் நம்புகின்றனர். அந்த வண்டி 1908இல் வெளிவந்தபோது பச்சை, சிவப்பு, சாம்பல் போன்ற நிறங்களில் கிடைத்தது. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும். வேகமாகப் பெருகிய உற்பத்திக்கு ஒரே நிறம் வசதியாக இருந்தது. அக்காலத்தில் வண்ணச் சாயங்களைப் பூசி, உலரவைத்து, மெருகேற்ற வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். 1923இல் டூக்கோ என்ற விரைவில் உலரும் சாயம் வந்தது. அதைப் பூசிய நீல நிற ஓக்லண்ட் மகிழுந்துகள் சந்தைக்கு வந்தன. மக்கள் வண்ண வண்டிகளை விரும்பத் தொடங்கினர். ஃபோர்டும் மீண்டும் பல நிறங்களுக்குத் திரும்பியது. ஆகவே 1910இல் செய்த ஒரு மாடல் டி வண்டியைக் 'கறுப்புதான் அசல்' என்று எண்ணிக் கறுப்பாக்கினால், சாயத்தொழிலின் வரலாற்றில் ஒரு பக்கத்தையே கிழித்துவிடுகிறோம்.

மோரிஸ் மைனரிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அந்த வண்டியின் உற்பத்தி பத்து இலட்சத்தைத் தொட்டபோது, அதன் நினைவாக 350 வண்டிகளுக்கு மட்டும் இளம் ஊதா நிறம் பூசினார்கள். அந்த நிறம் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அத்தகைய ஒரு வண்டியைச் சிவப்பாக்க நான் ஒப்பமாட்டேன். அந்த ஊதாதான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

அப்படியானால், ஆலையிலிருந்து வெளிவந்த முதல் நாளின் நிறத்துக்கே எப்போதும் திரும்ப வேண்டுமா? இங்குதான் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் 1965இல் வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் மகிழுந்து கறுப்பாகத்தான் வந்தது. 1967இல் அதன்மேல் மஞ்சள் பூசச் செய்து, பூக்களும் சுருள்களுமாக ஓவியம் தீட்டச் செய்தார். இன்று அது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநில அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. 'அசல் நிறம் கறுப்பு' என்று யாராவது அந்த ஓவியத்தைச் சுரண்டி எடுத்தால், அந்த வண்டியின் வரலாறே போய்விடும்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வீட்டுக்காவலிலிருந்து தப்பிய மகிழுந்தும் இப்படித்தான். அது 1937ஆம் ஆண்டு ஜெர்மானிய வாண்டரர். 1941 ஜனவரியில் ஓர் இரவு, அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் அதை ஓட்ட, நேதாஜி கல்கத்தாவை விட்டு வெளியேறினார். பின்னாளில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பலர் அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்ததற்கு அந்தப் பயணமும் ஒரு தொடக்கம். பல்லாண்டுகள் அசையாமல் நின்ற அந்த வண்டியைச் சீரமைத்து, 2017இல் கொல்கத்தாவின் நேதாஜி பவனில் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். அங்கே அவர்கள் திரும்ப வேண்டிய ஆண்டு 1941. வண்டி ஆலையை விட்டு வந்த ஆண்டு அன்று. எந்த நாளின் வண்டி நமக்கு முக்கியம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நிறம் அதிலிருந்துதான் வரும்.

"நம் கோயில் கோபுரங்களுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது புதுச் சாயம் பூசுகிறோமே, அதை யாரும் குறை சொல்வதில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஜொகூர் பாருவில் 1922இல் எளிய ஆலயமாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் ஆலயம் இன்று கண்ணாடிக் கோயிலாக ஒளிர்கிறது. அது அன்றாடம் வழிபாடு நடக்கும் இடம்; புதுப்பித்தலே அதன் மரபு. அதை 1922இல் இருந்த அதே கோயில் என்று யாரும் சொல்லிக்கொள்வதுமில்லை. மகிழுந்து உரிமையாளர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்த நேர்மையைத்தான். சிவப்பு வேண்டுமானால், "புதுப்பித்தேன், நிறத்தை மாற்றினேன்" என்று சொல்லட்டும்.

பணக் கணக்கையும் மறந்துவிடக்கூடாது. நிறத்தை முழுமையாக மாற்றுவது, அதே நிறத்தை மீண்டும் பூசுவதைவிடப் பெரிய வேலை. இயந்திரம் இருக்கும் அறை, கதவின் உள்விளிம்பு, பின்பெட்டியின் உட்புறம் ஆகிய அனைத்துக்கும் புது நிறம் வேண்டும். அதற்காக இயந்திரத்தையும் கண்ணாடிகளையும் கழற்ற வேண்டியிருக்கும். வெளிப்புறத்துக்கு மட்டும் பூசிவிட்டால், கதவைத் திறந்தவுடன் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். போதாக்குறைக்கு, நம் ஊர் வெயிலில் பளிச்சென்ற சிவப்பு பொதுவாக மற்ற பல நிறங்களைவிடச் சீக்கிரம் வெளுக்கும்.

சரி, வண்டியின் பழைய நிறமே தெரியவில்லை என்றால்? பெரும்பாலும் அது எங்காவது ஒளிந்திருக்கும். கதவு ரப்பருக்கு அடியிலும், தரைவிரிப்பின் கீழும், முகப்புப் பலகையின் பின்புறமும் தேட வேண்டும். நாணய அளவு இடத்தை உப்புத்தாளால் நீர் தொட்டு மெதுவாகத் தேய்த்தால், ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளிப்படும். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலவே. (பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம். அதனால் முகக்கவசம் அணியாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது.) தாத்தாவின் வண்டியைத் தேய்த்தால், சாம்பலுக்கு அடியில் ஒரு பச்சை வளையம்கூடத் தெரியலாம். அப்போது அத்தையும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டியதுதான். நான் அந்த வீட்டில் இருந்தால் சாம்பலுக்கே வாக்களிப்பேன். குடும்பம் பார்த்துப் பழகிய வண்டி அதுதானே?

பலமுறை சுரண்டப்பட்டு, எந்தத் தடயமும் இல்லாமல் வெறும் இரும்புக் கூடாகக் கிடைக்கும் வண்டியின் நிலை வேறு. அங்கே மீட்டெடுக்க நிறமே இல்லை. உரிமையாளர் தமக்குப் பிடித்ததைப் பூசிக்கொள்ளலாம். ஆனாலும் அந்தக் காலத்தில் அந்த வகை வண்டிக்கு இருந்த நிறங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பொருத்தமாக இருக்கும்.

தடயம் உள்ள வண்டியின் நிறத்தை மாற்றியே தீருவேன் என்பவருக்கும் ஒரு வழி உண்டு. பழைய வண்டிகளுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பின் துரின் சாசனம், செய்யும் மாற்றங்களை ஆவணப்படுத்தச் சொல்கிறது. நாமும் வேலை தொடங்கும் முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைக்கலாம். பின்னிருக்கைக்கு அடியில் உள்ளங்கை அளவு பழைய சாயத்தைச் சுரண்டாமல் விட்டுவிடும்படி பட்டறைக்காரரிடம் சொல்லலாம். அதற்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாகாது. வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.