தேர்வுக் குழுவில் யார்? இலக்கியத்தில் சமத்துவம் குறித்து எங்கள் நிலைப்பாடு

எழுத்தாளர்களும் வாசகர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. பாடநூலுக்கும் நூலகத்துக்கும் பரிசுக்கும் நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது சாதியையும் பாலினத்தையும் ஏன் பேச வேண்டும்? தரம் ஒன்றே போதாதா? செயற்குழுவில் விரிவாக விவாதித்து நாங்கள் வந்தடைந்த முடிவை இங்கே பொதுவில் வைக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு

தரம் கட்டாயம் வேண்டும். ஆனால், எது தரம் என்று முடிவுசெய்யும் இடத்தில் ஒரே பின்னணியைச் சேர்ந்தவர்களே உட்கார்ந்திருக்கும்வரை, அந்த முடிவைப் பொதுவான தீர்ப்பாக எங்களால் ஏற்க முடியாது. பொதுப்பணத்தில் இயங்கும் எல்லா இலக்கியத் தேர்வுக் குழுக்களிலும் தலித்துகளும் பழங்குடியினரும் சிறுபான்மையினரும் பெண்களும் திருநர்களும் முடிவெடுக்கும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். முடிவும் அதற்கான காரணமும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

ஏன் இந்த நிலைப்பாடு?

அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இலக்கிய வரலாறு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டதிலோ ஒதுக்கல் வேறு வடிவில் நீடித்தது. தலித் முன்னோடி இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்து, வரலாறு, சமயம், இலக்கியம், அரசியல் எனப் பரந்த தளத்தில் எழுதினார். 1914இல் அவர் மறைந்தார். அவருடைய எழுத்துகள் பெருந்தொகுப்பாக வெளிவந்தது 1999இல்தான். இடைப்பட்ட 85 ஆண்டுகளில் தமிழ் உரைநடைக்கும் இதழியலுக்கும் எத்தனையோ வரலாறுகள் எழுதப்பட்டு, கல்லூரிகளில் பாடமும் ஆயின. அவற்றில் பெரும்பாலானவை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் எழுத்தில் சரக்கு இல்லாமல் போனதால் நேர்ந்தது அல்ல இது. எதை நினைவில் வைக்கலாம் என்று முடிவெடுத்தவர்களின் வட்டத்துக்கு வெளியே அவர் இருந்தார்.

மொழியின் பேரால் நடந்த ஒதுக்கலையும் பார்க்கிறோம். இலங்கையில் 1960களின் தொடக்கத்தில், பேச்சுமொழியைக் கதைக்குள் கொண்டுவந்த முற்போக்கு எழுத்தாளர்களின் படைப்புகளை மரபுவாதப் பண்டிதர்கள் 'இழிசனர் இலக்கியம்' என்று பழித்தார்கள். அந்த முற்போக்கு அணியிலிருந்து வந்த கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டார். அதைத் தவிர்த்துவிட்டு ஈழத்து நாவலைப் பற்றி இன்று யாரும் பேச முடியாது. தமிழ்நாட்டில் 1992இல் தலித் எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' ஊர்ப்பேச்சிலேயே வெளிவந்தபோதும், இது இலக்கியம்தானா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்பதும் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இந்த நிகழ்வை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பண்ணையாரின் மனச்சிக்கலை அது மையமாக்கியதால் கூலிப் போராட்டம் பின்னுக்குப் போனது என்ற விமர்சனம் அந்த நாவலைத் தொடர்ந்து வருகிறது. அந்த நாவல் எழுதப்பட்டதை நாங்கள் குறை சொல்லவில்லை. அதே துயரத்தை அந்தச் சேரியில் பிறந்த ஒருவர் எழுதியிருந்தால், அச்சுக்கும் மதிப்புரைக்கும் பரிசுக் குழுவின் மேசைக்கும் அது போய்ச் சேர வழி இருந்ததா என்றே கேட்கிறோம்.

பெண்களின் நிலையும் இதுவே. 1955 முதல் 2024 வரை தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற பெண்கள் நால்வர் மட்டுமே: ராஜம் கிருஷ்ணன் (1973), லக்ஷ்மி (1984), திலகவதி (2005), அம்பை (2021). ஆர். சூடாமணியும் ஹெப்சிபா ஜேசுதாசனும் இந்தப் பட்டியலில் இல்லை. தமிழில் பெண்கள் குறைவாகவோ சுமாராகவோ எழுதினார்கள் என்று யாரும் வாதிட முடியாது.

கிடைத்த இடமும் நிலையானதல்ல. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் தமிழ் தலித் எழுத்தாளர்களான பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளும் நீக்கப்பட்டன. பாடத்தை மாற்றிய மேற்பார்வைக் குழுவில் தலித், பழங்குடி உறுப்பினர் ஒருவரும் இல்லை என்பதைக் கல்விக்குழு உறுப்பினர்கள் 15 பேர் தங்கள் எதிர்ப்புக் குறிப்பில் சுட்டிக்காட்டினார்கள். அவர்களுடன் நாங்கள் உடன்படுகிறோம்.

மாற்றுக் கருத்துகளுக்கு எங்கள் பதில்

இலக்கியத்தில் இடஒதுக்கீடு கேட்கிறீர்களா என்கிறார்கள். இன்ன சாதியினருக்கு இத்தனை பரிசு என்று நாங்கள் கேட்கவில்லை. படித்து மதிப்பிடும் குழு பரந்ததாக இருக்க வேண்டும் என்கிறோம். அப்படிப்பட்ட குழு ஒரு நூலை நிராகரித்தால், அந்த முடிவை மதிப்போம்.

தலித் எழுத்தாளர் என்று அழைப்பதே ஒரு கூண்டு என்ற கருத்தும் உண்டு. பூமணியும் இமையமும் அந்த அடையாளத்தை ஏற்காதவர்கள். அவர்களுடைய உரிமையை முழுமையாக மதிக்கிறோம். தன் படைப்பு எந்தப் பெயரில் அறியப்பட வேண்டும் என்பதை எழுதியவரே முடிவு செய்யட்டும்.

ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதக் கூடாதா என்ற கேள்விக்கும் தெளிவாகவே சொல்கிறோம்: எழுதலாம். எந்தப் படைப்பையும் தடைசெய்யக் கோரும் போராட்டத்தில் எங்கள் அமைப்பு பங்கேற்காது.

நாங்கள் கேட்பவை

1. பாடத்திட்டக் குழு ஒரு படைப்பை நீக்கினால், அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பாடத்தை நடத்தும் துறை ஆசிரியர்களின் ஒப்புதலும் பெறப்பட வேண்டும்.

2. ஊர் என்றும் காலனி என்றும் பாராமல் நூலக வரி வசூலிக்கப்படுகிறது. எனவே பொது நூலகங்களுக்கு வாங்கப்படும் நூல்களின் முழுப் பட்டியலும் எத்தனை படிகள் என்ற விவரமும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். சிறு பதிப்பகங்களுக்கு உரிய காலத்தில் பணம் போய்ச் சேர வேண்டும்.

3. அரசும் அகாதெமிகளும் வழங்கும் பரிசுகளுக்கான நடுவர் குழுவில் சரிபாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தலித், பழங்குடி நடுவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இடம்பெற வேண்டும்.

4. அச்சில் இல்லாத தலித் இதழ்களையும் பெண் எழுத்தாளர்களின் நூல்களையும் தேடித் தொகுத்து, மின்படிகளாக்கி, எவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்ய வேண்டும்.

பிறரிடம் கேட்பதை எங்களுக்கும் விதியாக்கியிருக்கிறோம். எங்கள் பரிசுகளுக்கும் கூட்டங்களுக்கும் மேற்சொன்ன நடுவர் விதி இன்றிலிருந்து பொருந்தும். தலித் எழுத்துக்கென்று கடைசி அமர்வு ஒன்றை ஒதுக்கிவிட்டு முதன்மை மேடையை மற்றவர்களுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் நிகழ்ச்சிகளில் இருக்காது. எங்கள் குழுக்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுவோம். பல்கலைக்கழகங்களும் நூலகத் துறையும் அகாதெமிகளும் தங்கள் குழுக்களின் பட்டியலை வெளியிட முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.