வால்வு யார் கையில்?

சமீபத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். மலக்குழி மரணங்கள் பற்றிய பேச்சு. ஒரு தம்பி எழுந்து கேட்டார்: “வெளிநாட்டுல எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு, அதனால யாரும் குழிக்குள்ள இறங்கறதில்ல. நமக்கு அந்த டெக்னாலஜி இன்னும் வரல, அதானே அக்கா பிரச்சினை?”

நேர்மையான கேள்விதான். படித்தவர்கள் பலரும் இதைத்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்று காட்ட, சாக்கடைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும் ஒரு சின்ன வண்டியை எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் விடுமுறைக்குப் போகிறவர்கள் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கட்டி இழுத்துப் போவார்கள். டிராவல் டிரெய்லர் என்று பெயர். நம் ஊர் ஷூட்டிங்கில் நிற்கும் கேரவனுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, மூலையில் கழிப்பறை. சின்ன கார் இழுக்கும் இலகு ரக வண்டியில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 100 லிட்டர் கழிவுத் தொட்டி நிறைந்தால் வண்டியின் சுமை 100 கிலோ கூடிவிடும். ஆகவே வண்டி வாங்குபவர் கழிப்பறை எப்படிப்பட்டது, தொட்டி எவ்வளவு பெரியது என்று துருவித் துருவிப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

அவருக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வண்டிக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்திய தொட்டி. மலமும் சிறுநீரும் போவது பிளாக் டேங்க். கை கழுவிய, குளித்த தண்ணீர் போவது கிரே டேங்க். நிறைந்ததும் கழிவு கொட்டும் நிலையத்துக்கு வண்டியை ஓட்டிப் போக வேண்டும். கையுறை போட்டு, மூன்று அங்குலக் குழாயை மாட்டி, முதலில் பிளாக் டேங்க் வால்வைத் திறக்க வேண்டும். அது வடிந்த பிறகு கிரே டேங்க்கைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். பல வண்டிகளில் தொட்டிக்குள்ளேயே நீர் பீய்ச்சும் முனை இருக்கிறது. வெளியில் தண்ணீர்க் குழாயை மாட்டினால் உள்ளே தானாகக் கழுவும்.

இரண்டாவது, கேசட். ஐரோப்பிய வண்டிகளில் இதுதான் அதிகம். ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி. வண்டியின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கதவைத் திறந்து வெளியே இழுக்கலாம். கைப்பிடி உண்டு, பலவற்றில் சக்கரமும் உண்டு. ஊற்றும்போது மேலே தெறிக்காமலிருக்கக் காற்று விடும் பொத்தான்கூட உண்டு.

மூன்றாவது, உலர் கழிப்பறை. சிறுநீரும் மலமும் தனித்தனியே சேரும். மலத்தின் மேல் தென்னை நார்த்தூளைக் கலந்து காயவிடுவார்கள். பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிந்து கிடந்து ஏற்றுமதியாகிறதே, அதே வகைத் தூள்தான்.

மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். எதிலும் ஒரு மனிதர் தொட்டிக்குள் தலையை நீட்ட வேண்டியதில்லை. கைப்பிடி எங்கே, வால்வு எங்கே, பொத்தான் எங்கே என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஏன் யோசித்தார்கள்? அந்தத் தொட்டியைக் காலி செய்யப்போகிறவரும் அந்த வண்டியைக் காசு கொடுத்து வாங்குகிறவரும் ஒரே ஆள். அவருக்கு நாற்றம் பிடிக்காது. கையில் பட்டால் குமட்டும். அடுத்த முறை வேறு கம்பெனி வண்டியை வாங்கிவிடுவார். அவருடைய அருவருப்புக்குச் சந்தையில் விலை உண்டு. அதனால்தான் பொத்தான் வந்தது.

இந்த மூன்றில் ராக்கெட் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு ரப்பர் வளையம், ஒரு குழாய். இதைச் செய்யத் தெரியாத நாடா இது?

உடனே “அப்படியானால் அமெரிக்கா சொர்க்கம்” என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அதே அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் லௌண்ட்ஸ் மாவட்டத்தில், ஏழைக் கறுப்பின மக்களின் வீட்டுக் கொல்லையில் மலக் கழிவு தேங்கி நிற்கிறது. அந்தக் களிமண் நிலம் தண்ணீரை உறிஞ்சாது. அதற்கேற்ற செப்டிக் அமைப்பு வைக்க அவர்களிடம் பணம் இல்லை. கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் என்ற செயற்பாட்டாளர் பல ஆண்டுகள் இதைப் பேசிப் பேசித்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2023இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் அலபாமா சுகாதாரத் துறையோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. உல்லாசப் பயணம் போகிறவரின் கைக்கு எட்டிய தொழில்நுட்பம், அதே நாட்டில் கறுப்பினப் பெண்ணின் கொல்லைக்கு வந்து சேரவில்லை. தொழில்நுட்பம் அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் உள்ளவரிடம் மட்டுமே போகிறது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுகிறார்கள். டைல்ஸ் எந்த நிறம் என்று ஒரு மாதம் பேசுகிறார்கள். செப்டிக் டேங்க்கை மாடிப்படிக்கு அடியிலோ சந்துக்குள்ளோ தோண்டி, மேலே சிலாப் போட்டு மூடிவிடுகிறார்கள். நிறைந்தால் எப்படி எடுப்பது? லாரியின் குழாய் அங்கே எட்டுமா? அடியில் இறுகிய கசடை யார் கலைப்பது? கேட்பதில்லை. ஏனென்றால் பதில் அவர்களுக்குத் தெரியும். “ஆள் வருவான்.” அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதும் தெரியும். அவருடைய குமட்டலுக்கு விலை இல்லை, அவருடைய மூச்சுக்கும் விலை இல்லை. மூடிய குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு காத்திருக்கிறது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாகிறார். மறுநாள் செய்தி: “விஷவாயு தாக்கி இருவர் பலி.” வாயுவா கொன்றது?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. 2013 சட்டத்தை எடுத்துப் படியுங்கள். கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் மலம் அள்ளுபவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார் என்கிறது அதன் விளக்கம். ரயில் பெட்டிக் கழிப்பறைக்கும் அப்படியே. மலம் நேராகத் தண்டவாளத்தில் விழுந்தாலும், அரசு சொன்ன கருவியோடும் உடையோடும் சுத்தம் செய்தால் அது ‘சுகாதாரமற்ற கழிப்பறை’ இல்லையாம். அங்கே நாலு பேர் படுக்கும் வண்டிக்குக்கூடத் தொட்டி இருக்கிறது. இங்கே ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லும் ரயிலில் பயோ டாய்லெட் பொருத்தத் தொடங்கவே இந்த நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. அதுவரை தண்டவாளத்தில் குனிந்து நின்றவர்கள் யார் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சிலர் வேறு வழியில் வருவார்கள். “அவரவர் கழிவை அவரவரே சுத்தம் செய்யும் மனம் வேண்டும், அது ஒரு சேவை” என்பார்கள். ஆசிரமக் காலத்திலிருந்து கேட்கும் பேச்சு இது. டிரெய்லர் ஓட்டுபவர் அதைச் சேவை என்று நினைத்துச் செய்வதில்லை. முகம் சுளித்துக்கொண்டுதான் செய்கிறார். அந்தச் சுளிப்புதான் பொறியாளரை வேலை வாங்கியது. புனிதம் என்று சொல்லியிருந்தால் இன்னும் வாளியில்தான் அள்ளிக்கொண்டிருப்பார். எங்களுக்கு வேண்டியது உங்கள் மனமாற்றம் அல்ல. குழிக்குள் மனிதர் இறங்கவே முடியாதபடி, இறங்கத் தேவையே இல்லாதபடி கட்டப்பட்ட தொட்டி.

அதைச் செய்ய இயந்திரமும் இருக்கிறது. பாதாள சாக்கடைக்கு ‘பாண்டிகூட்’ ரோபோவைக் கேரள இளைஞர்கள் உருவாக்கி, 2018இலேயே திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இயந்திரம் வந்த பிறகும் ஆள் இறங்குகிறார் என்றால், இயந்திரத்தைவிட அவர் உயிர் மலிவு என்று ஒப்பந்ததாரர் கணக்குப் போட்டிருக்கிறார். 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. அதைப் பெறவும் குடும்பங்கள் அலைகின்றன.

அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் நாங்கள் கொடுக்கும் வேலை இது. உங்கள் விடுதியின், கல்லூரியின் மலத்தொட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். லாரி நெருங்க முடியுமா, மனிதர் இறங்காமல் எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஒப்பந்தம் யாருக்கு, எந்த இயந்திரத்தோடு என்று கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். எங்காவது மரணம் நடந்தால் ‘கவனக்குறைவால் மரணம்’ என்ற பிரிவோடு வழக்கை மூட விடாதீர்கள். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளையும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த கையால் மலம் அள்ளவைக்கும் குற்றத்தையும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் உட்காருங்கள்.

டெக்னாலஜி வரவில்லை என்று இனி யாராவது சொன்னால், அந்தப் பிளாஸ்டிக் பெட்டியையும் அதன் கைப்பிடியையும் சொல்லுங்கள். யாருக்காக அந்தக் கைப்பிடி வைத்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜெய்பீம்.